பச்சை, மஞ்சள், நாலந்தா

பாதுகாப்பைப் பற்றி என் வீட்டுக்காரர் அளவுக்குப் பேசுகிற இன்னொரு ஆள் மாத்தளை மாவட்டத்தில் இருந்தால், அந்த ஆளின் மனைவிக்கு என் அனுதாபம். பிரதீஷ் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. கேட்டில் காவல் நிற்கிற வேலை இல்லை. யார் விரலிலும் ஊசி ஏறாமல், எங்கேயும் தீப்பிடிக்காமல், ஒருவரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டிலும் அந்த வேலை ஓயாது. தினமும் கேஸ் சிலிண்டரை மோந்து பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் அவசரக் கதவு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தம்புள்ள பஸ்ஸில் முதன்முதலாக என்னிடம் பேசியதே, "சீலைத் தலைப்பு கதவுல மாட்டப் போகுது, உள்ளுக்கு இழுத்துக்கங்க" என்றுதான். அதைக் காதல் வசனமாக எடுத்துக்கொண்டது என் தப்பு.

நான் தர்ஷிகா. வயது முப்பத்தைந்து. நாலந்தாவுக்குக் கிட்ட, பெரிய ரோட்டோரத்தில் இருக்கிற ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் சுற்றிக்காட்டுகிற வேலை. ஏலச்செடியைக் காட்ட வேண்டும், மிளகுக்கொடியைக் காட்ட வேண்டும், கறுவாப்பட்டையை முறித்து முகரக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, சிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறேழு கூட்டம் வரும். எல்லாக் கூட்டத்திலும் ஒரே பகிடியைப் புதிதாகச் சொல்கிற ஒரு மனிதர் இருப்பார், அவருக்கும் சிரிக்க வேண்டும். சாயங்காலம் பஸ் ஏறும்போது தாடை வலிக்கும். வேலையைக் குறை சொல்லவில்லை. நல்ல இடம், நல்ல ஆட்கள். ஆனால் சிரிப்பும் ஒரு சுமைதான் என்று அதைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

மாத்தளை டவுனில் நூருன்னிஸா ராத்தாவின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ராத்தா என்றால் அக்கா. கீழே அவர், மேலே நாங்கள். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு பால்கனி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அது கிடைத்து மூன்று வருடம்.

போன வருடம் ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு, மத்தியானம் நான் உடுப்புக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தபோது பிரதீஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க எனக்கு உத்தரவு போடணும்."

"தெனமும் குப்பையக் கொண்டு போய் வைங்கன்னு சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அது கெஞ்சுறது. இது வேற."

அப்புறம் காது சிவக்கச் சிவக்க விளக்கினார். தொழிற்சாலையில் நாள் முழுக்க நானூறு பேருக்குச் சொல்கிறவர் அவர். அதைத் தொடாதே, இதைப் போடு, அங்கே நிற்காதே. ஒரு இரண்டு மணி நேரம், தனக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். தான் எதையும் தீர்மானிக்காமல் இருக்க வேண்டும். அதுவும் நான் சொல்ல வேண்டும், அவர் பணிய வேண்டும். கையைக் கட்டினாலும் சரி. இப்படி விரும்புகிற பெரியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம், அதற்கென்று விதிமுறைகள் உண்டாம், மூன்று மாதமாக வாசித்திருக்கிறாராம். மூன்று மாதமாக நான் அவர் போனில் கிரிக்கெட் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சிரிக்கவில்லை. அயர்னைக்கூட நிமிர்த்தி வைத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் பேசப் பேச எனக்குள் ஒன்று கண்ணைத் திறந்து பார்த்தது. உத்தரவு போடுகிறவள் சிரிக்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

அடுத்த ஞாயிறு ஒரு ஏ-ஃபோர் தாளுடன் வந்து உட்கார்ந்தார். தலைப்பு: இடர் மதிப்பீடு. எனக்கு வந்த சிரிப்பை இந்தத் தடவை அடக்க முடியவில்லை. மூன்று கட்டம் போட்டிருந்தார். சரி, வேண்டாம், கேட்டுவிட்டுத்தான். இருவரும் தனித்தனியாக நிரப்பி, பிறகு ஒத்துப்பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றி எதுவும் கட்டக் கூடாது. எந்தக் கட்டுக்கும் கீழே இரண்டு விரல் போகிற இடைவெளி வேண்டும். கைக்கு எட்டுகிற இடத்தில் கத்தரிக்கோல். கட்டியவர் அறையை விட்டுப் போகக் கூடாது. குடித்திருந்தால் விளையாட்டே இல்லை. முடிந்த பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, எப்படி இருந்தது என்று பேச வேண்டும்.

வேண்டாம் என்ற கட்டத்தில் நான் முதலில் எழுதியது: துரை விளையாட்டு. இவர் சும்மா ஒரு யோசனைக்கு, "நீங்க துரை, நான் வேலைக்காரன்" என்று சொல்லிப் பார்த்திருந்தார். என் அப்பா மாடசாமி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் துரைக்கு முன்னால் நிற்பதை நான் எட்டு வயதில் பார்த்திருக்கிறேன். "அந்தத் துரை கதிரையில நான் உக்கார மாட்டேன்" என்றேன். பிரதீஷும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். ஏன் என்று கேட்காமல், தன்னுடைய தாளிலும் அதையே எழுதிக்கொண்டார்.

ஆகவே நான் ராணி, அவர் காவல்காரன் என்று முடிவானது. சீகிரியா அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு ராணிக்கா பஞ்சம்.

நிறமும் முடிவானது. இடையிடையே நான், "என்ன நிறம்?" என்று கேட்பேன். பச்சை என்றால் தொடரலாம். மஞ்சள் என்றால் கொஞ்சம் தணிக்க வேண்டும். எல்லாவற்றையும் அந்த நொடியே நிறுத்த ஒரு சொல் வேண்டும். "வேணாம்", "விட்டுருங்க" எல்லாம் சரிவராது. காவல்காரன் நடிப்புக்காகவே நூறு தடவை அப்படிக் கெஞ்சுவான். விளையாட்டில் வரவே வராத சொல்லாக இருக்க வேண்டும். நான்தான் நாலந்தா என்றேன். பஸ்ஸில் நான் எவ்வளவு தூங்கி வழிந்தாலும், கண்டக்டர் அந்தப் பெயரைக் கத்தினால் என் கால் தானாக எழுந்து நிற்கும்.

தாளின் அடியில் தனியாக இன்னொரு கட்டம்: பழைய காயம், நோய். நான், வலது மணிக்கட்டு, பன்னிரண்டு வயதில் முறிந்தது என்று எழுதினேன். அவர் ஒரு கோடு இழுத்து, இல்லை என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து நான்கு வரை நூருன்னிஸா ராத்தா தூங்குவார். அதுதான் எங்கள் நேரம். ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு ரேடியோவைப் போடுவோம். ராணியின் சிம்மாசனம் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. வாழ்க்கையில் முதன்முதலாக இவரைப் பார்த்து, "நீ" என்றேன். "ஏய், நீ. எங்க பார்க்குற? தரையப் பாரு." அவர், "உத்தரவு மகாராணி, நீங்க சொன்னா சரிங்க" என்றார். எனக்கு முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏறியது. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம், முகத்தில் ஒரு தசையைக்கூட யாருக்காகவும் அசைக்காமல். நான்கு மணிக்குத் தேத்தண்ணியோடு பால்கனியில் உட்கார்ந்தபோது, இரண்டு பேரும் லீவு கிடைத்த பிள்ளைகள் மாதிரி காரணமில்லாமல் சிரித்தோம். அது தாடை வலிக்காத சிரிப்பு.

நான்காவது ஞாயிறுதான் மாம்பழம்.

"நான் இந்த மாம்பழத்தச் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் நீ அசையக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். அவர் சீமெந்துத் தரையில் முட்டி போட்டிருந்தார். கை முன்னால், என் பருத்திச் சால்வையால் கட்டியிருந்தது. இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. நல்ல கறுத்தக் கொழும்பான் மாம்பழம். நானும் ராணிதானே, மெதுவாகச் சாப்பிட்டேன். தோலை உரித்து, துண்டு துண்டாக வெட்டி, கடைசியில் கொட்டையையும் சூப்பினேன். நடுவில் மூன்று தடவை நிறம் கேட்டேன். மூன்று தடவையும், "பச்சை" என்றார். மூன்றாவது பச்சை கொஞ்சம் மெலிந்த பச்சை. நடிப்பு நன்றாக வருகிறது என்று நினைத்தேன்.

"எழும்பு" என்றேன். எழும்பினார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் வலது முட்டி ஈரப்பலாக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

த்ரீவீலரில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார்.

"முட்டி போட்டு இருந்தேங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மாம்பழம்..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. பிரதீஷின் கையில் சால்வை அழுத்திய கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மனைவி அடிக்கிறாரா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிரதீஷ் சிரித்தார். "ஐயோ இல்லீங்க டாக்டர், அது நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சு வெளையாடுறது. இருபது வயசுல வாலிபால் ஆடி விழுந்த முட்டி, அதான்" என்றார்.

இருபது வயதில் விழுந்த முட்டி. இல்லை என்று கோடு இழுத்த முட்டி. அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அந்த டாக்டரம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். நான்தான் அதைக் கேட்கவில்லை என்று பட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது நூருன்னிஸா ராத்தா வாசலில் நின்றார். இவர் நொண்டுவதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே, அந்த மூணாவது படிதானே தம்பி? அது ஆடுது, செய்யணும் செய்யணும்ண்டு ஒரு வருசமாச் சொல்லிட்டு இருக்கேன். என்ட பிழை."

"இல்ல ராத்தா, படி இல்ல..." என்றார் பிரதீஷ்.

"அப்ப என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "படிதான் ராத்தா" என்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்து இரண்டு கிழமை எங்களுக்கு ராஜ உபசாரம். ஒரு நாள் வட்டிலப்பம், ஒரு நாள் கோழிக்கஞ்சி, ஒரு நாள் முட்டிக்குப் பூச ஏதோ எண்ணெய். சனிக்கிழமை பலீல் மேசனைக் கூட்டிவந்து வாசல்படி மூன்றையும் உடைத்துப் புதிதாகக் கட்டினார், கைப்பிடிக் கம்பியும் போட்டார். பிரதீஷால் பொறுக்க முடியவில்லை. தொழில் முறைப்படி அது பொய் அறிக்கையாம். "படி ஆபத்தான படிதான், ஆனா இந்த விபத்த அது செய்யல" என்று வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே புலம்பினார்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

டிஸ்பென்சரியில் இருந்து வந்த அன்று மாலையே கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

"எப்ப வலிக்க ஆரம்பிச்சிச்சு?"

"நீங்க தோல உரிக்கிறப்ப."

முழு மாம்பழமும் அதற்குப் பிறகுதான். "மூணு வாட்டி கேட்டேங்க. மூணு வாட்டியும் பச்சைன்னு சொன்னீங்க. நீங்க பச்சைன்னா அது பச்சைன்னு நம்பித்தான் நான் அங்க உக்கார்ந்து இருந்தேன். ஒரு ஆளு என் முன்னால வலியில துடிக்குறாரு, நான் மாம்பழம் சூப்புறேன். என்னைய என்னாவா ஆக்கிட்டீங்கன்னு தெரியுதா? எந்தக் கதிரையில உக்கார மாட்டேன்னு எழுதினேனோ, அதுலயே கொண்டு போய் உக்கார வச்சிட்டீங்க."

அவர் முகம் விழுந்தது. அதைப் பார்த்து எனக்கும் பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. நானூறு பேருக்கு அந்த மனிதர் என்ன சொல்லிக்கொடுக்கிறார்? மெஷினில் சிறு சத்தம் கேட்டாலும் சிவப்புப் பட்டனை அமுக்கு, யோசிக்காதே, யாரும் ஏச மாட்டார்கள் என்று. ஊருக்குத்தான் உபதேசம். இடர் மதிப்பீட்டுத் தாளை நாலாக மடித்து அலுமாரிக்குள் போட்டேன். இனி விளையாட்டு இல்லை என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத்தான் கஷ்டம். கிழமையில் ஆறு நாள் சிரிக்கிறவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று போன பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு மத்தியானம் நீலக் கதிரை கண்ணில் படாமல் அதன்மேல் உடுப்பைக் குவித்து வைத்தேன். எனக்கு அந்த விளையாட்டு வேண்டும். ஆனால் அவர் வாயிலிருந்து வருகிற பச்சையை நம்ப முடியாமல் எப்படி ஆடுவது?

முட்டி தேறிய பிறகு நானே ஒரு வழி சொன்னேன். "உங்க கார்மென்ட்டுல மாசம் ஒருக்கா தீப்பயிற்சி வைக்கிறீங்கதானே? தீ இல்லாதப்ப ஓடிப் பழகுறது. அது மாதிரி, வலி இல்லாதப்ப நிறுத்திப் பழகுங்க. நீங்க நெசமா ஒருவாட்டி நாலந்தான்னு சொல்றத நான் கேக்கணும்."

அவர் உற்சாகமாக ஒத்துக்கொண்டார். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பசி எடுக்கும்.

தினமும் ஒரு பயிற்சி வைத்தோம். உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். கண்ணில் தண்ணீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார், சொல்லவில்லை. நான் வழக்கமாகப் பார்க்கிற, அவருக்குக் கண்ணிலும் காட்டக் கூடாத டிவி நாடகத்தைப் போட்டேன். போதும் என்று பட்டதும் சொல்லுங்கள் என்றேன். இரண்டு அத்தியாயம் பார்த்தார். "ஏங்க சொல்லல?" என்றால், "அந்த மாமியாக்காரி என்னா செய்றான்னு பாத்துருவோமேன்னு" என்றார். நான் பாடினேன். என் பாட்டைக் கேட்டு நூருன்னிஸா ராத்தா கீழே ஜன்னலைச் சாத்தினார். இவர் அசையவில்லை.

கடைசியாகத் தலையணையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். கை வலிக்கிறதுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதினொரு நிமிடம். கை கிடுகிடுவென்று நடுங்கியது. நானே போய்த் தலையணையைப் பிடுங்கினேன்.

"வாய் ஏங்க வர மாட்டேங்குது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு ஒருவாட்டி நல்ல காய்ச்சல். பெரட்டுல பேரு குடுத்துட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டாங்க. பத்து மணிக்கே நிக்க முடியல. நான் சோத்துப் பொட்டலம் கொண்டு போனேன், எறங்கி வாங்கம்மான்னு அழுதேன். பாதியில எறங்குனா அரைப்பேருடா, காலையில இருந்து பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்னாங்க. சாயங்காலம் கொழுந்தத் தராசுல போட்டுட்டுத்தான் வந்தாங்க." மற்றத் தோளையும் தேய்த்துக்கொண்டார். "வாய்க்கிட்ட வருது தர்ஷிகா. வந்ததும், இவ்வளவு நேரம் இருந்தது வீணாயிருமேன்னு தோணுது. அரைப்பேரு விழுந்துரும்னு."

எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து மலை ஏறியவர் நடுவில் இறங்கினால், செக்ரோல் பதிவில் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான் விழும் என்பது எங்கள் வீட்டிலும் பாலோடு ஊட்டியதுதான். அவர் அம்மா நல்லம்மா இன்றைக்கும், எங்கள் வீட்டுக்கு வந்தால், தட்டில் அரை உருண்டை சோற்றை மிச்சம் வைக்க மாட்டார். பிரதீஷின் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் போய்விட்டது. ஆனால் கோபம் போனதால் நம்பிக்கை வந்துவிடுமா?

"மறுபடியும் ஒருவாட்டி ஆடிப் பாப்பமா? சும்மா லேசா?" என்று அவர் கேட்டார். சரி என்றேன்.

ஞாயிறு வந்தது. மனிதர் ஒரு கிழமையாகத் தயார் செய்திருந்தார். முட்டிக்கு ரப்பர் விரிப்பு வெட்டி, அதற்கு மேல் மெத்தை தைத்திருந்தார். ஜன்னல் சீலையைத் துவைத்திருந்தார். தாளில், திருத்தம் ஒன்று என்று போட்டு, பழைய காயம் கட்டத்தில் முட்டியைப் படம் போட்டே காட்டியிருந்தார். கால் பிடித்துவிடச் சொல்லி உத்தரவு போட்டால் போதும், கைகூடக் கட்ட வேண்டாம், கண்ணை மட்டும் கட்டுங்கள் என்றார்.

கட்டினேன். நீலக் கதிரையில் உட்கார்ந்தேன். "மெதுவாப் பிடி" என்றேன். "உத்தரவு மகாராணி" என்றார். நிறம் கேட்டேன், பச்சை என்றார். நான் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டேன், பச்சை. மறுபடியும் முட்டியைப் பார்த்தேன். அப்போதுதான் என் தாடை வலிப்பது தெரிந்தது.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கறுவாப்பட்டையை நீட்டும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு எதற்குச் சிரிப்பு? எனக்கு அன்றைக்கு அந்தக் கதிரையில் உட்கார விருப்பமே இல்லை. பயமாக இருந்தது. இவர் மெத்தை தைத்தாரே, சீலை துவைத்தாரே, நடுவில் எழும்பினால் முகம் வாடுமே என்று உட்கார்ந்திருந்தேன். அரைப்பேருக்குப் பயந்த ஆள் அந்த அறையில் ஒருவர் இல்லை, இரண்டு பேர். அவரைப் போய்ப் பயிற்சி எடுக்கச் சொன்னேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நாலந்தா" என்றேன்.

அவர் கை நின்றது. ஒரு நொடி ஒன்றும் விளங்காமல், கட்டிய கண்ணோடு முகத்தை இங்கும் அங்கும் திருப்பினார். அப்புறம் துணியைப் பிய்த்து எறிந்தார்.

"என்னாச்சு? எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல. போதும்னு இருந்துச்சு."

"சரி" என்றார். அவ்வளவுதான். எழுந்து ரேடியோவை நிறுத்தினார், ஜன்னலைத் திறந்தார், போர்வையை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"எவ்வளவு பாடுபட்டு எல்லாம் செஞ்சீங்க. பாதியில நிறுத்திட்டேனே."

அவர் கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். தனக்குள்ளே தேடிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"கோவமே வரல" என்றார், அவருக்கே ஆச்சரியமாக. "ஒண்ணும் வீணாப் போன மாதிரியும் இல்ல. நீங்க நெசத்தச் சொன்னீங்க, நான் தேத்தண்ணி ஊத்துனேன். நல்லாத்தானே இருக்கு?"

பிறகு தாளை எடுத்து உற்றுப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். நிறுத்தும் சொல் என்ற வரியில், காவல்காரன் சொல்ல வேண்டியது என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. ராணிக்கும் போதும் என்று தோன்றலாம் என்பது எங்கள் இருவர் புத்தியிலும் உதிக்கவே இல்லை. வெட்டிவிட்டு, இருவரும் என்று எழுதினார். திருத்தம் இரண்டு.

அடுத்த ஞாயிறு என்னிடம் அவர் கேட்கவில்லை. நான்தான் கதிரையை இழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு ஆசையாக இருந்தது, அதனால் சொன்னேன்.

அவர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டிக்கு ஓய்வு. கையைச் சால்வையால் பின்னால் கட்டினேன், இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன், கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். "ஏய், நீ. இன்னைக்கி ஒரு சத்தம் வரக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். அவர் தலை குனிந்தார். அரண்மனைச் சட்டதிட்டங்களை வரிசையாக அறிவித்துக்கொண்டே போனேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

"நாலந்தா."

ஒரே பாய்ச்சலில் கீழே இருந்தேன். கட்டை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தரிக்கோலை எடுத்துச் சால்வையை வெட்டினேன். "எங்க? முட்டியா? கையா? மரத்துப் போச்சா?"

"மூக்கு" என்றார்.

"மூக்குக்கு என்னா?"

"அரிக்குது."

விடுபட்ட கையால் மூக்கைச் சொறிந்தார். அவசரமில்லாமல், இடது பக்கம், வலது பக்கம், நடுவில் என்று நன்றாகச் சொறிந்தார். நான் தரையில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்று தடவை முட்டி கதறியபோது வாய் திறக்காத மனிதர், மூக்கு அரித்ததற்கு அரண்மனையையே நிறுத்திவிட்டார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நல்ல சால்வை, அதை வெட்டியதற்கும் சேர்த்து அழுதேன்.

"கோவமா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்ல."

"அப்ப மறுபடி கட்டுங்க." கையைப் பின்னால் கொண்டுபோனார்.

மிச்சமிருந்த துண்டால் கட்டினேன். இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். கதிரையில் போய் உட்கார்ந்து, "என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பச்சை" என்றார்.

நான் அவர் முட்டியைப் பார்க்கவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.